நார்மல் நைனாவின் மூக்கு

மனிதனுக்கு நேரக்கூடிய அத்தனை நிலைமைகளையும் ஒரே ஓர் ஆங்கிலச் சொல்லை வைத்துச் சமாளித்தவர் உலகத்தில் ஒருவர் உண்டென்றால், அவர் எங்கள் தெரு நார்மல் நைனாதான். பிறப்பு, இறப்பு, கரண்ட் கட், வெள்ளம், மருமகள் சண்டை, சாம்பாரில் உப்பு, எதைப் பற்றிக் கேட்டாலும் அவருடைய அபிப்பிராயம் ஒன்றுதான். "நார்மல்." நான் பத்திரிகையில் வாரத்துக்கு ஆயிரம் சொல் செலவழித்தும் யாருக்கும் எதையும் விளங்கவைக்க முடியாதவன். அவர் ஒரு சொல்லில் முடித்துவிட்டு டீயை உறிஞ்சுவார். அந்தப் பொறாமை எனக்கு இன்னும் அடங்கவில்லை என்பதைச் சொல்லிவிட்டே தொடங்குகிறேன்.

எங்கள் தெரு திருவொற்றியூர் நெடுஞ்சாலையிலிருந்து கடல் பக்கமாகப் பிரிவது. ஒரு முனையில் கன்டெய்னர் லாரிகள் நிற்கும். போகும் என்று சொல்லமாட்டேன்; நிற்கும். மறுமுனையில் கடல். காலையில் காற்று ஆலைகள் நிறைந்த மணலிப் பக்கமிருந்து வரும், மத்தியானத்துக்கு மேல் கடலிலிருந்து வரும். அதனால் எங்களுக்குக் காலையில் ஒரு மூக்கு, சாயங்காலம் ஒரு மூக்கு.

நைனா ஒரு ரசாயனத் தொழிற்சாலையின் கன்ட்ரோல் ரூமில் வேலை பார்த்தவர். தொழிற்சாலையின் பெயர் வேண்டாம். சொன்னால் அவர்கள் வருத்தப்படுவார்கள். வருத்தப்பட்டால் வக்கீலை அனுப்புவார்கள். எனக்கு அதற்கெல்லாம் இப்போது தெம்பில்லை. அங்கே மணிக்கொரு தரம் தலைமை அலுவலகத்திலிருந்து போன் வருமாம். "ஸ்டேட்டஸ்?" என்று ஒரு குரல் கேட்கும். இவர் "நார்மல்" என்று சொல்லிப் போனை வைக்க வேண்டும். வேறு எதைச் சொன்னாலும் மானேஜரிலிருந்து ஃபிட்டர் வரை எல்லாரையும் வரவழைக்க வேண்டும், கூட்டம் போட வேண்டும், விளக்கம் சொல்ல வேண்டும். ஆகவே எந்த மீட்டரில் முள் துடித்தாலும், எந்தக் குழாய் சீறினாலும், போனில் நார்மல்தான்.

"மொதல்ல நார்மல்னு சொல்லிடணும் சார்," என்று அவர் எனக்குத் தொழில் ரகசியம் சொன்னார். "அப்பால போய் இன்னான்னு பாக்கணும்."

வேலை பார்த்த காலம் முழுக்க மணிக்கொரு தரம் சொன்ன சொல் நாக்கை விட்டுப் போகுமா? வீட்டுக்கும் வந்துவிட்டது. ஆனால் சும்மா சொல்லக்கூடாது, அந்த ஒரு சொல்லுக்குள் அவர் ஓர் இலக்கணமே வைத்திருந்தார். வெட்டிச் சொன்னால், நன்றாக இருக்கிறது. "நாஆர்மல்" என்று இழுத்தால், சுமார். தலையை லேசாக ஆட்டிக்கொண்டு சொன்னால், ஆள் தேறமாட்டான். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சொன்னால், பேச்சு முடிந்தது, நீ கிளம்பலாம்.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர் ஒருவர் எங்கள் தெருவில் இறந்துபோனார். துக்கத்துக்கு வந்த உறவுக்காரர் ஒருவர் வாசலில் நின்ற நைனாவிடம், "எப்படிப் போனாரு?" என்று கேட்டார்.

"நார்மல்."

உறவுக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார். "இன்னாயா நக்கலா?"

"ஆக்சிடென்ட் கெடையாது, ஆஸ்பத்திரி கெடையாது. சோறு துன்னாரு, படுத்தாரு, போய்ட்டாரு. இத்தவிட நார்மலா யாருப்பா போவாங்க?"

உள்ளே அழுதுகொண்டிருந்த கிரேன்காரரின் மனைவி மூக்கைச் சிந்திக்கொண்டு, "அதுவும் கரீட்டுதாம்பா," என்றார். உறவுக்காரர் வேட்டியை இறக்கிவிட்டார்.

எல்லா இடத்திலும் இப்படித் தப்பிக்க முடியவில்லை. எதிர்வீட்டு தேசம்மா காசிமேட்டில் மீன் எடுத்துத் தெருத்தெருவாக விற்பவர். அவருடைய மகளுக்கு ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் தெருமுனை டீக்கடையில் விசாரித்தார்கள். அங்கே அவர்கள் கையில் அகப்பட்டவர் நைனா.

"பொண்ணு எப்படிங்க?"

"நார்மல்."

அவ்வளவுதான். இதைத் தனியாகச் சொல்ல வேண்டிய அவசியம் என்ன, முன்னால் ஏதாவது இருந்து இப்போது சரியாகிவிட்டதா என்று யோசித்தபடியே அவர்கள் வந்த ஆட்டோவில் திரும்பிப் போய்விட்டார்கள். தேசம்மா தெருவில் நின்று கொடுத்த பேச்சு கன்டெய்னர் டிரைவர்களுக்கும் கேட்டது. "கய்தே, வாயில இன்னா கொயக்கட்டயா வச்சுகினு இருந்த? நல்ல பொண்ணு, தங்கமான பொண்ணுன்னு ஒரு வார்த்த வரலியா ஒனக்கு?" பாவம், அவர் தெரிந்த மட்டில் உயர்ந்த பாராட்டைத்தான் சொல்லியிருந்தார். பல வாரங்கள் அவர் வீட்டுக்கு மீன் கிடையாது. பிறகு அதைவிட நல்ல இடம் அமைந்ததும், தேசம்மாவே ஒரு முழு வஞ்சிரத்தைக் கொண்டுபோய் அவர் வாசலில் வைத்துவிட்டு, பேசாமல் முறைத்துவிட்டு வந்தார்.

அந்த விவகாரத்துக்குப் பிறகுதான் எனக்கு இந்தச் சொல்லின் மேல் ஆராய்ச்சி புத்தி வந்தது. ரத்தப் பரிசோதனை முடிவு வந்தால் நாம் முதலில் இந்த ஒரு சொல்லைத்தான் தேடுகிறோம். கண்டதும் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கிறோம். அதே சொல்லை நம் பிள்ளையைப் பற்றி வாத்தியார் சொன்னால் முகம் தொங்கிவிடுகிறது. டீக்கடையில் அதற்கு ஸ்பெஷல் இல்லை என்று அர்த்தம். பிரசவ வார்டு வாசலில் கத்தி வைக்கவில்லை என்று அர்த்தம். ரத்தத்துக்குப் பாராட்டு, மனிதனுக்கு அவமானம். அகராதியைப் புரட்டினேன். 'இயல்பான, வழக்கமான' என்று போட்டிருந்தது, இரண்டும் ஏதோ அண்ணன் தம்பி மாதிரி, நடுவில் ஒரே ஒரு காற்புள்ளி. அகராதி போட்டவர் எங்கள் பக்கம் வந்ததில்லை போலிருக்கிறது. காலையில் நாங்கள் சுவாசிப்பது எங்களுக்கு வழக்கமானது. இயல்பானது என்று யார் சொன்னது? அந்தக் காற்புள்ளியில்தான் சார் எங்கள் தெரு இருக்கிறது.

ஒரு மழைக்காலத்தில் தெருவில் இடுப்பளவு தண்ணீர். எண்ணெய்ப் படலம் மயில் கழுத்து நிறத்தில் மினுங்கியது. டிவிக்காரப் பெண் ஒருத்தி படகில் வந்து மைக்கை நீட்டினாள். "ஐயா, இங்க நிலைமை எப்படி இருக்கு?" தண்ணீருக்குள் சிலை மாதிரி நின்ற நைனா நிதானமாகச் சொன்னார், "நார்மல்." அன்று முழுக்க அதையே போட்டார்கள். கீழே 'வடசென்னை மக்களின் மன உறுதி' என்று எழுத்து ஓடியது.

"மன உறுதியா?" என்றார் தேசம்மா. "லுங்கி அவுந்து பூடும்னு ரெண்டு கையாலயும் புட்சிகினு நின்னுச்சு. அத்தயும் காட்டியிருக்கணும்."

இந்த மனிதரைத் தெரு ஏன் சகித்துக்கொண்டது என்று கேட்பீர்கள். காரணம் அவர் மூக்கு.

ஓய்வு பெற்ற பிறகும் அவர் தினமும் விடிந்ததும் அண்ணாச்சியின் டீக்கடை முன்னால் வந்து நிற்பார். அந்த நேரத்து நாற்றத்தைப் பற்றி எங்களுக்குள் பல கட்சிகள் உண்டு. அழுகின முட்டைக் கட்சி, எரிகிற டயர் கட்சி, கெட்டுப்போன வெங்காயக் கட்சி. நைனா வந்ததும் எல்லாக் கட்சியும் வாயை மூடும். அவர் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு, மணலிப் பக்கம் முகத்தைத் திருப்பி, கண்ணை மூடி, ஆழமாக, அடிவயிறு வரைக்கும் ஓர் இழுப்பு இழுப்பார். நாங்களெல்லாம் மேலோட்டமாகச் சுவாசித்துக்கொண்டு, தெருவுக்கே சேர்த்து அவர் ஒருவர் இழுப்பதைப் பார்த்துக்கொண்டிருப்போம். பிறகு தீர்ப்பு. "நார்மல்."

உள்ளே வேலை பார்த்த மனிதர் சொல்கிறார், வேறென்ன வேண்டும்? அண்ணாச்சி பாய்லரை ஏற்றுவார். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும். நான் ராயபுரத்துக்கு, சரக்குகளைச் சுங்கத்தில் விடுவிக்கும் என் ஆபீசுக்கு, பஸ் பிடிப்பேன்.

நைனாவின் மனைவி கஸ்தூரி அக்காவுக்கு இரைப்பு. மாடிப்படி ஏறினால் நடுவில் உட்கார்ந்துவிடுவார். ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தால் பாதியில் நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டுதான் முடிப்பார். மீதிப் பாதியை நைனாவே முடித்துவிடுவதும் உண்டு. கூடுவாஞ்சேரியில் இருக்கும் மகள், மாடிப் போர்ஷன் காலியாக இருக்கிறது, இரண்டு பேரும் வந்துவிடுங்கள் என்று மாசா மாசம் போன் செய்வாள். நைனா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொள்வார். இலக்கணப்படி, பேச்சு முடிந்தது.

ஒருநாள் அக்கா என் வீட்டு வாசலில் வந்து நின்றார். "சார், ராயபுரத்துல ஒரு நெஞ்சு டாக்டரு... கீறாங்களாம். ரிப்போட்டெல்லாம் இங்கிலீஷ்ல... கூட வாங்க." தெருவில் இங்கிலீஷ் சம்பந்தப்பட்ட எல்லாத் துன்பங்களும் என் தலையில்தான் விடியும். லீவு போட்டேன். மூவரும் ஆட்டோவில் ஏறினோம்.

டாக்டர் சின்னப் பெண். பொறுமையான முகம். "அம்மா, மூச்சு எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

"நார்மல் டாக்டர்," என்றார் நைனா.

"உங்களைக் கேட்கலை ஐயா."

"அதுக்குப் பேசசொல்லோ இரைக்குது டாக்டர். அதான் நா சொல்றேன்."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் மேலே சுற்றிய மின்விசிறியைப் பார்த்தேன்.

ஊதிப் பார்க்கிற கருவி ஒன்றை எடுத்தார். கைக்கு அடக்கமான குழாய்; பலமாக ஊதினால் அதிலுள்ள சின்ன முள் மேலே நகரும். அக்கா ஊதினார். முள் கொஞ்சம் நகர்ந்து நின்றது. அவருக்கு ஊதத் தெரியவில்லையோ என்று டாக்டருக்குச் சந்தேகம். "ஐயா, நீங்க ஒருதரம் ஊதிக் காட்டுங்க. நார்மல்னா எதுவரைக்கும் போகும்னு அம்மா பார்க்கட்டும்."

நைனா சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். குத்துவிளக்கேற்றக் கூப்பிட்ட பிரமுகர் மாதிரி எழுந்து வந்து, அக்காவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஊதினார்.

முள் அக்கா ஊதிய இடத்துக்குக்கூடப் போகவில்லை.

நைனா கருவியைக் காதருகே வைத்து விரலால் தட்டினார். மீட்டர்களோடு வாழ்ந்தவர் அல்லவா. "முள்ளு மாட்டிகிச்சு டாக்டர்."

"இன்னொரு தரம் ஊதுங்க."

மறுபடி அங்கேயே நின்றது. டாக்டர் வேறொரு கருவியைக் கொடுத்தார். அதில் ஊதப் போனவருக்கு இருமல் பிடித்துக்கொண்டது. நிற்கவே இல்லை. நர்ஸ் தண்ணீரோடு ஓடிவந்தாள். டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை அவர் முதுகில் வைத்து, நகர்த்தி, மறுபடி வைத்துக் கேட்டார்.

"ஐயாவுக்கு எவ்வளவு நாளா இப்படி?"

"எப்டி?" என்றார் நைனா, இருமலுக்கு நடுவில்.

கஸ்தூரி அக்கா அன்றைக்கு ஒரு வாக்கியத்தை முழுதாக, நிறுத்தாமல் சொல்லி முடித்தார். "வேலையில கீற காலத்துலேர்ந்து டாக்டர், சோத்து தட்ட எடுக்க குனிஞ்சாகூட இரைக்கும், இன்னான்னு கேட்டா நார்மல்னும்."

மொதல்ல நார்மல்னு சொல்லிடணும், அப்பால போய்ப் பாக்கணும். மனிதர் தன் விஷயத்தில் முதல் பாதியோடு நின்றுவிட்டிருந்தார்.

டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. "அம்மாவைவிட உங்களுக்குத்தான் மோசம். மருந்து தர்றேன். ஆனா காலையில அந்தக் காத்தை இழுத்துட்டு, சாயந்திரம் என் மருந்தை இழுத்தா, எது ஜெயிக்கும்? இடம் மாத்துங்க. இல்லேன்னா சீக்கிரமே ஆக்ஸிஜன் சிலிண்டர் பக்கத்துல உட்கார வேண்டியிருக்கும்."

திரும்பும்போது ஆட்டோ கன்டெய்னர் வரிசையில் மாட்டிக்கொண்டது. அக்கா வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார். "எனக்கோசரம் வர மாட்டேன்ன. சரி. இப்ப ஒனக்கோசரம்... கெளம்பு."

நைனா துண்டைக் கையில் எடுத்தார், உதறவில்லை. பிறகு, "நா போய்ட்டா காலில தெருவுக்கு யாரு சொல்றது?" என்றார்.

எனக்கு அப்போதுதான் புரிந்தது. இவர் வீட்டை விட்டுப் போகப் பயப்படவில்லை. டீக்கடை வாசலில் தான் இல்லாவிட்டால் நாங்களெல்லாம் மூச்சுவிட முடியாமல் திண்டாடிப்போவோம் என்று நிஜமாகவே நம்பிக்கொண்டிருந்தார். அவரை அனுப்பிவைக்கும் பொறுப்பை அக்கா என்னிடம் கொடுத்தார். "நீங்க எய்தறவரு. எதுனா சொல்லி வழிக்கு இட்டுகினு வாங்க." நான் மூன்று மாலைகள் உட்கார்ந்து உடல்நலம், குடும்பம், பொது வாழ்க்கையிலிருந்து கௌரவமாக விலகுதல் என்று பேசினேன். நைனா கடைசி வரைக்கும் கேட்டுவிட்டு, "டீ ஆறிப்போச்சு சார், வேற சொல்லட்டா?" என்றார். எனக்கு வந்த விமர்சனங்களிலேயே சுருக்கமானது அது.

மார்கழி. ஒருநாள் விடிகாலை பனியும் நாற்றமும் ஒன்றாக இறங்கி நின்றன. வெங்காயமும் டயரும் கூட்டணி வைத்தது போல ஒரு நெடி, கண் எரிந்தது. அண்ணாச்சி பால் பாத்திரத்தோடு நிற்கிறார். தேசம்மா அன்னக்கூடையோடு நிற்கிறார். பைகளை மாட்டிக்கொண்டு பிள்ளைகள். நைனா வந்தார், மணலிப் பக்கம் திரும்பினார், கண்ணை மூடி இழுத்தார்.

இழுத்தது உள்ளேயே நின்றுவிட்டது. கடை ஷட்டரைப் பிடித்துக்கொண்டார். முகம் கறுத்தது. வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. ஒரு விரலை மட்டும் உயர்த்தி, இருங்கள், இதோ சொல்கிறேன் என்று காட்டினார்.

தேசம்மா அன்னக்கூடையை இறக்கி வைத்தார்.

"சொல்லாத நைனா," என்றார். "நீ ஒண்ணியும் சொல்லாத. நாறுது. மீன் கூடைக்குள்ள பொறந்தவ நானு, எனக்கே நாறுது. இன்னிக்கி இல்ல, டெய்லி நாறுது. நீ சொல்றியேன்னுதான் மூஞ்சத் தொடச்சிகினு போய்கினு கீறோம். ஒன் மூக்க வச்சுகினு நாங்க எத்தினி காலம் மூச்சு வுடுறது?"

நைனா அண்ணாச்சியைப் பார்த்தார். அண்ணாச்சி தூத்துக்குடிக்காரர், யாரையும் பகைத்துக்கொள்ளாதவர். "தெனமும் வயித்தக் குமட்டத்தான் செய்யிது அண்ணாச்சி," என்றார் தரையைப் பார்த்து. "நீங்க சொன்னப்புறம் நமக்கெதுக்கு வம்புன்னு கடையத் தொறந்துருதேன்."

பிறகு என்னைப் பார்த்தார். மூன்று மாலை பேசியவன்தான் நான். ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினேன்.

பெஞ்சில் உட்கார்ந்தார். மூச்சு திரும்ப வெகுநேரம் ஆனது. "அப்ப இன்னாத்துக்குடா டெய்லி வந்து கேட்டீங்க?" என்றார். யாரையும் குறிப்பிட்டுக் கேட்கவில்லை.

தேசம்மாவின் குரல் இறங்கிவிட்டது. "கேட்டா தகிரியமா இருந்துச்சு நைனா."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவரே தொடர்ந்தார். "அக்காவ இட்டுகினு பொண்ணு வூட்டுக்குப் போ. இங்க நாங்க பாத்துக்குறோம்."

"இன்னா பாத்துக்குவ?"

"ஆபீசருக்கு போன் போட்டுக் கிழிப்போம். சாரு இங்கிலீஷ்ல கிழிப்பாரு."

நைனா என்னைப் பார்த்த பார்வையில் நம்பிக்கை சுத்தமாக இல்லை. ஆனாலும் எழுந்து வீட்டுக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் பாத்திரம் கட்டும் சத்தம் கேட்டது.

அவர்கள் கிளம்பிய நாளன்று தெருவே கூடி வழியனுப்பியது. சாமான் ஏற்றிய குட்டியானை வண்டி தெருமுனை திரும்பியதும் கன்டெய்னர் வரிசையில் நின்றுவிட்டது. அழுதுவிட்டு வீட்டுக்குப் போன தேசம்மா, சமையல் முடித்துவிட்டு வந்து பார்த்தால் வண்டி அங்கேயே நிற்கிறது. சோறு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு மறுபடி அழுதார். இரண்டாம் முறை அழுகை அவ்வளவு சரியாக வரவில்லை என்று அவரே பிறகு ஒத்துக்கொண்டார்.

இப்போது காலையில் டீக்கடை வாசலில் யாரும் தீர்ப்பு சொல்வதில்லை. நான்தான் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் புகார் எண்ணுக்குப் போன் செய்கிறேன். அதிகாரிகள் மத்தியானம் வருகிறார்கள். அப்போது கடல் காற்று. "ஒண்ணும் தெரியலையே சார்" என்கிறார்கள். காலையில் வாருங்கள் என்றால் காலையில் டிராஃபிக் என்கிறார்கள். ஒரே ஒருவர், இளைஞர், ஒருநாள் நிஜமாகவே விடிகாலையில் வந்தார். டீக்கடை முன்னால் நின்று ஓர் இழுப்பு இழுத்தார். கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்தவர் பைக்கில் ஏறும்வரை எடுக்கவில்லை. ஆலைக்கு நோட்டீஸ் போயிருக்கிறதாம். சந்தோஷப்பட வேண்டும்தான். அதற்குக் கொஞ்சம் தூங்கி எழுந்த பிறகு முயற்சி செய்யலாம் என்றிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கூடுவாஞ்சேரி போகிறேன். தேசம்மா கொடுக்கும் கருவாட்டுப் பொட்டலம் கையில் இருப்பதால் மின்சார ரயிலில் எனக்கு எப்போதும் தாராளமாக இடம் கிடைக்கிறது. அங்கே பேசுவதெல்லாம் இப்போது கஸ்தூரி அக்காதான். ஆரம்பித்த வாக்கியத்தை அவரே முடிக்கிறார். முடித்த கையோடு அடுத்ததை ஆரம்பிக்கிறார். நைனாவுக்கு வாய் திறக்க இடமில்லை. இடம் கிடைத்தால் அவருக்கிருக்கும் குறை ஒன்றுதான். "இன்னா காத்து சார் இது? உள்ள ஒண்ணுமே இல்ல. சப்புனு கீது."

அவர்கள் இருப்பது மாடியில். கீழே கேட் சத்தம் கேட்டதுமே, தனக்கு இரைக்கவில்லை என்று காட்டுவதற்காக, நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கப் பார்க்கிறார். அதற்கு அவருக்குக் கொஞ்ச நேரம் பிடிக்கிறது. அதனால் நான் மெதுவாகத்தான் படியேறுகிறேன்.